சுத்தியல் மேடம் கொடுத்த புகார்

தெருவில் அவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் விற்கிறவர் இல்லை. ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவர். வீட்டு முன்பக்கத்து ஷட்டரைத் தூக்கினால் அதுதான் அவருடைய பட்டறை. பேரில் இருக்கிற குளிர்ச்சி ஆளிடம் மருந்துக்கும் கிடையாது. வேலைக்குப் போன இடத்தில் "எப்ப முடியும்?" என்று ஒருமுறை கேட்டால் பதில் சொல்லுவார். இரண்டாம் முறை கேட்டால், கழற்றியதைக் கழற்றியபடி போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போன வேகத்தில் திரும்பி வந்து வேலையை முடித்தும் கொடுப்பார், அது வேறு விஷயம்.

"ஊருக்கெல்லாம் ஐஸ் போட்டுக் குடுக்கறார், ஒருத்தருக்காவது ஐஸ் வைக்கத் தெரியுதா பாருங்க" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இருவருக்கும் ஒரே மகள். எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்து, எலிக்குஞ்சு மாதிரி இருந்ததால் குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் குட்டி வளர்ந்து, கல்லூரியில் சேர்ந்து, குண்டு எறிகிற வீராங்கனை ஆன பிறகும் பெயர் மட்டும் வளரவில்லை. அப்பா மைதானத்து ஓரத்தில் நின்று "குட்டி, விடாதே!" என்று கத்துவார். பக்கத்தில் இருப்பவர்கள் எந்தக் குட்டி என்று தேடுவார்கள். வட்டத்துக்குள் நிற்கிற ஆஜானுபாகுவான பெண்தான் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் வராது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் குட்டி ஒன்றும் பிரமாதமான ஆட்டக்காரி இல்லை. கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கிடைத்துவிடுவாள். ஆனால் உழைப்பாளி. விடியும்போது மைதானத்தில் இருப்பாள், வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவாள். இரண்டாம் வருஷத்தில் உடம்பு மாற ஆரம்பித்தது. தோள் அகன்றது. கை கால் பெருத்தது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஷூ பற்றாமல் போனது. பெண்கள் பிரிவில் இருந்த கடைசி அளவும் பற்றாமல், அப்பா அவளை ஆண்கள் பிரிவுக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் ஒரு பெரிய ஜோடியை எடுத்து வைத்துவிட்டு, "உங்களுக்கா சார்?" என்று கேட்டார்.

"எனக்கில்ல. என் குட்டிக்கு."

கடைக்காரர் ஷூவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பின்னால் நின்றவளைப் பார்த்தார். "நல்லா இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

தாடை சதுரமாக இறங்கியது. பல்வரிசையில் இடைவெளி விழுந்தது. குரல் தடித்தது; போனில் அவள் "ஹலோ" சொன்னால், "தம்பி, அப்பா இருக்காரா?" என்று கேட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்த்து ஊற்றியது. அடிக்கடி தலை வலித்தது. அப்பாவின் பட்டறையிலேயே ஏதாவது ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றி நெற்றியில் வைத்துக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் ஐஸ்காரரிடம் ஒரே பதில்தான் இருந்தது. தலைவலியா, வெயில். வியர்வையா, பயிற்சி. மற்றதெல்லாம் முட்டை. மகள் குண்டு எறிய ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் முட்டையை அவர்தான் அவித்துக் கொடுத்தார். குண்டு ஒவ்வொரு போட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விழ விழ, "பார்த்தியா டீச்சர், முட்டை பேசுது" என்பார்.

பேசியது முட்டை மட்டும் இல்லை. கல்லூரியிலும் பேச ஆரம்பித்தார்கள். குட்டியோடு பயிற்சி செய்கிற ஒரு பெண், முதல் வருஷத்தில் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் ஒட்டவைத்து, கீழே ஒரு கேள்விக்குறி போட்டுத் தோழிகளுக்கு அனுப்பினாள். தோழிகள் தோழிகளுக்கு அனுப்பினார்கள். குட்டி உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால் பேச்சு பட்டென்று நின்றது. அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடிப்பவர்கள், கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே, "என்ன ஊசின்னு எங்களுக்கும் சொல்லேன்டி" என்றாள். குட்டி அதை வீட்டில் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் எவ்வளவு நாளைக்கு? கல்லூரிகளுக்கிடையேயான பெரிய போட்டியில் குட்டி முதலிடம் பிடித்தாள். ஐஸ்காரர் தொண்டை கிழியக் கத்திவிட்டு, படிகளில் இறங்கி ஓடினார். மகளைக் காணவில்லை. மருத்துவ அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள், ரத்தமும் சிறுநீரும் எடுக்கப் போகிறார்கள், ஊக்கமருந்து எடுப்பதாக ஒரு புகார் வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

"எவன் குடுத்தான்?"

எவன் இல்லை. இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளர் அம்மா. ஒரு காலத்தில் சுத்தியல் எறிதலில், அதாவது கம்பி முனையில் கட்டிய இரும்புக் குண்டைச் சுழற்றி வீசுகிற ஆட்டத்தில், பேர் வாங்கியவர். முழங்கால் போய், இப்போது சாய்ந்து சாய்ந்து நடப்பார். பிள்ளைகள் அவரைச் சுத்தியல் மேடம் என்பார்கள். ஆட்டத்தை வைத்து வந்த பேர்தான் என்றாலும் பேச்சுக்கும் பொருந்தியது. எதைச் சொன்னாலும் ஆணியின் தலையில் ஒரே போடுதான்.

ஐஸ்காரர் அவரைத் தேடிப் போனபோது, அவர் சாமான் அறை வாசலில் உட்கார்ந்து குண்டுகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா புகார் குடுத்தது?"

"நான்தான்."

இல்லை என்று மழுப்புவார், அதை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று வந்தவருக்கு, அந்த ஒரு வார்த்தையில் பேச்சு தடுக்கியது.

"உங்க காலேஜ் பொண்ணு ரெண்டாவது வந்துட்டான்னு வயித்தெரிச்சல். அதானே?"

"என் பொண்ணு ரெண்டாவது வந்ததே எனக்கு அதிசயம். இவ்வளவு தூரம் அவ எறிஞ்சதே இல்ல." சுத்தியல் மேடம் துணியைக் கீழே வைத்தார். "சார், உங்க மகளை ரெண்டு வருஷமா பார்த்துட்டு இருக்கேன். முகம் மாறிடுச்சு. குரல் மாறிடுச்சு. இந்த மாதிரி ஒரு பொண்ணு தன்னால மாற மாட்டா."

"முட்டைங்க! தினம் முட்டை! நான் என் கையால…"

"முட்டையால தாடை வளராது."

"அப்போ என் பொண்ணு திருடி. அதானே சொல்றீங்க?"

"அவளைச் சொல்லல. யாரோ அவளுக்கு எதையோ குடுக்கறாங்கன்னு பயமா இருக்கு. என் பயம் தப்புன்னா எல்லாரையும் நிக்க வெச்சு மன்னிப்பு கேக்கறேன். சரின்னா உங்க பொண்ணு பிழைச்சுக்குவா. ரெண்டுல எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்தான்."

அதற்கு ஐஸ்காரர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சாமான் அறைக்கு எதிரில் பயிற்சி செய்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து நின்று கேட்டார்கள். சுத்தியல் மேடம் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, மறுபடியும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வண்டியோட்டிக்கொண்டு வரும்போது ஐஸ்காரர் வாய் ஓயவில்லை. ஆனால் வாய் ஒன்றைப் பேச, மனசு வேறொன்றைப் பேசியது. முட்டையால தாடை வளராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் கை மடியில் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டே விட்டார். "குட்டி, யாராவது சத்து மாத்திரை, பவுடர்னு ஏதாவது குடுத்தாங்களாம்மா? கோச் யாராவது? தெரியாம ஏதாவது…"

டீச்சர் தட்டுகளை எடுப்பதை நிறுத்தினாள்.

குட்டி அழவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். விரல்கள் தடித்துப் போய், கணுக்கள் புடைத்து, யாருடைய கைகளையோ இரவல் வாங்கி வந்தது மாதிரி இருந்தன.

"ஒண்ணும் எடுக்கலப்பா. சத்தியமா எடுக்கல. ஆனா இது ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்கும் தெரியல. பேனாவைச் சரியாப் பிடிக்க முடியல. கண்ணாடி பார்க்கவே பயமா இருக்கு."

ஐஸ்காரர் அந்தக் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்தார். அவர் கைதான் சிறியதாக இருந்தது. "அட, இது எங்கப்பா கை. உங்க தாத்தாவுக்கு அப்படியே இதே கைதான். ஒரு அறை விட்டார்னா சுவரே பேந்துடும்."

தாத்தாவின் கை சுள்ளி மாதிரி இருக்கும் என்பது டீச்சருக்குத் தெரியும். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில வாரங்களில் சோதனை முடிவு வந்தது. எந்த மருந்தும் இல்லை. துளிக்கூட இல்லை. ஐஸ்காரர் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துக் கதையைச் சொன்னார். சுத்தியல் மேடமும் சொன்ன வார்த்தை தவறவில்லை. குட்டியின் கல்லூரி மைதானத்துக்கே வந்து, இரண்டு அணிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "இந்தப் பொண்ணு மேல நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கம்மா" என்றார். குட்டி, "பரவாயில்ல மேடம்" என்று மெல்லச் சொன்னாள். ஐஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு பார்த்தார்.

பார்க்காதது ஒன்று இருந்தது. பொறாமை பிடித்த பொம்பளை என்று பேச்சு பரவி, சுத்தியல் மேடத்தை அவருடைய கல்லூரியில் அணிப் பொறுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சாமான் அறைச் சாவி மட்டும் அவரிடம் இருந்தது.

போட்டி அன்று ரத்தம் எடுத்த டாக்டர் குட்டியிடம் சில கேள்விகள் கேட்டிருந்தார். ஷூ அளவு மாறிக்கொண்டே இருக்கிறதா? தலைவலி உண்டா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? பதில்களைக் கேட்டுவிட்டு, முடிவு எதுவாக இருந்தாலும் சரி, ஹார்மோன் டாக்டர் ஒருவரைக் கட்டாயம் பார்த்துவிடு என்று பெயரும் எழுதிக் கொடுத்திருந்தார். குட்டி அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"ஒண்ணுமில்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன? ஊசி போட்டுக்கிட்டான்னு சொன்ன கூட்டமே இப்ப ஊசி போடணும் வான்னு கூப்பிடுது. போதும் டீச்சர். என் பொண்ணு ஒண்ணும் ஆராய்ச்சிக்கு வெச்ச எலி இல்ல."

"போய்ப் பார்க்கறதுல என்னங்க தப்பு?"

"பார்க்க மாட்டேன்னா பார்க்க மாட்டேன்."

குட்டிக்கும் மறுபடி ஒரு டாக்டர் முன்னால் உட்கார மனசில்லை. டீச்சர் இரண்டு பேரோடும் மாறி மாறி மல்லுக்கட்டினாள். சுவரோடு பேசியது மாதிரிதான்.

ஒரு விடுமுறை நாள் காலையில், ஒரு கடையிலிருந்து பெரிய ஃப்ரீஸர் ஒன்று பட்டறைக்கு வந்தது. பெட்டியைச் சுவரோரம் சாய்த்து, அடியில் இருக்கிற கம்ப்ரஸரைக் கழற்ற வேண்டும். இந்த மாதிரி பாரமான வேலைக்குக் குட்டிதான் கைத்துணை. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து கம்ப்ரஸரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு திருகை அவள் பக்கமிருந்துதான் கழற்ற முடியும். ஐஸ்காரர் அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஸ்பேனரை நீட்டினார்.

"பிடிம்மா."

அவள் பிடிக்கவில்லை.

"குட்டி, ஸ்பேனர்."

"குடுப்பா."

"குடுத்துட்டுத்தானே நிக்கறேன்."

"எங்கே?"

விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஸ்பேனர் அவள் கண்ணோரத்தில், இடிக்காத குறையாக இருந்தது. ஆட்டிப் பார்த்தார். அவள் நேரே பார்த்தபடி கை நீட்டிக் காத்திருந்தாள். மெல்ல முன்னால் கொண்டுபோனார். கன்னத்தைத் தாண்டி, மூக்குக்கு நேராக வரும்போதுதான், "ஆங், இதோ" என்று வாங்கிக்கொண்டாள்.

ஐஸ்காரர் மறுபக்கம் போய்க் குறடை எடுத்து நீட்டினார். அதுவும் தெரியவில்லை. வெறும் கையை விரித்து அசைத்தார். தெரியவில்லை.

"என்னப்பா பண்றே? கை வலிக்குது."

"கீழே வைம்மா. வெச்சுட்டு என்னைப் பாரு. பக்கத்துல இருக்கறது உனக்குத் தெரியலையா?"

அவள் கம்ப்ரஸரை இறக்கி வைத்துவிட்டு, தன் கையையே பக்கவாட்டில் நீட்டி அசைத்துப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளா கதவுல எல்லாம் இடிச்சுக்கறேன்பா. நான் பெருசாயிட்டேன், அதான் இடிக்குதுன்னு நினைச்சேன்."

எதற்கெடுத்தாலும் வெடிக்கிற மனுஷன், பட்டப்பகலில் சத்தமில்லாமல் ஷட்டரை இறக்கினார். உள்ளே போய், "டீச்சர், அந்த டாக்டர் பேரு எழுதின சீட்டு எங்கே?" என்று கேட்டார்.

ஹார்மோன் டாக்டர் நரைத்த தலையோடு நிதானமாகப் பேசுகிற அம்மா. குட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். குட்டி போனை எடுத்துக் கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தப் படத்தைக் காட்டினாள். இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில், கீழே கேள்விக்குறியோடு. டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"இதை யார் செஞ்சதுன்னு தெரியாது. ஆனா எனக்கு ரொம்ப உதவியா செஞ்சிருக்காங்க" என்றார்.

ரத்தச் சோதனை, ஸ்கேன், கண் சோதனை எல்லாம் முடிந்து மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. உடம்பு எவ்வளவு வளர வேண்டும் என்று சொல்லுவது அதுதான். குட்டிக்கு அதில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டி பெரிதாகி, மேலே போகிற கண் நரம்பை அழுத்துகிறது. அதனால்தான் இரண்டு பக்கமும் பார்வை மறைகிறது.

"வெளியில இருந்து யாரும் இவளுக்கு ஊசி போடல. இவ உடம்பே இவளுக்கு ஊசி போட்டுட்டு இருந்திருக்கு."

டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ டாக்டர், நான் ஜெயிச்சதெல்லாம் அந்தக் கட்டி ஜெயிச்சதா?"

"நல்லா கேட்டே. இந்த நோய் வந்தவங்களுக்கு உடம்பு பெருக்குமே தவிர பலம் ஏறாது. சீக்கிரம் களைச்சுடுவாங்க, மூட்டு வலிக்கும். சொல்லப்போனா அந்தக் கட்டியையும் சுமந்துகிட்டுதான் நீ எறிஞ்சிருக்கே."

அப்போதுதான் குட்டி முதல்முறையாக அழுதாள். அழுது முடிக்கும் வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு, "இது பொதுவா சீக்கிரத்துல பிடிபடாது. மோதிரம் பத்தல, செருப்பு பத்தலன்னு வருஷக்கணக்கா ஓட்டிடுவாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணுக்கே ஆபத்து. யார் முதல்ல கவனிச்சது?" என்று கேட்டார்.

டீச்சர் கணவரைப் பார்த்தாள். கணவர் தரையைப் பார்த்தார். குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "எம்மேல புகார் குடுத்த மேடம்."

மூக்கு வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுத்துவிடலாம், மண்டையைத் திறக்க வேண்டியதில்லை என்றார்கள். ஐஸ்காரருக்கு அது உடனே விளங்கிவிட்டது. பெட்டியைப் பிளக்காமல் குழாய் வழியாகவே அடைப்பை எடுக்கிற வேலை. ஆனால் விளங்குவது வேறு, மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கதவுக்குள் அனுப்புவது வேறு. அன்று காலை அந்தக் கதவு மூடியதும் அவருக்குக் கால் நிற்கவில்லை. காத்திருக்கும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஏசி சரியாகக் குளிரவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் அவர் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தால், கூடத்தின் கடைசி வரிசையில் சுத்தியல் மேடம் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"குட்டி நேத்து போன் பண்ணினாளாம். இன்னைக்கு ஆபரேஷன்னு சொல்லியிருக்கா" என்றாள் டீச்சர். "எனக்கே இப்பதான் தெரியும்."

ஐஸ்காரர் மூலையில் இருந்த தேநீர் இயந்திரத்துக்குப் போனார். இரண்டு காகிதக் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு, பாதியைக் கையில் ஊற்றிக்கொண்டு, கடைசி வரிசைக்கு வந்து நின்றார்.

"டீ" என்றார்.

"குடுங்க" என்று வாங்கிக்கொண்டார் சுத்தியல் மேடம். "உக்காருங்க சார். நீங்க நின்னா அவங்க சீக்கிரம் முடிக்கப் போறதில்ல."

உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"அன்னைக்கு நான் பேசினதை…"

"அதை விடுங்க. நானும் தப்பாத்தான் நினைச்சேன். ஊசின்னு நினைச்சேன். ஒரு பச்சைப் பிள்ளையை அத்தனை பேர் முன்னாடி சந்தேகப்பட்டேன். அது எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்குது."

"தப்பா நினைச்சாலும் பார்த்தீங்களே மேடம்." ஐஸ்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அவளோட ஒரே வீட்டுல இருக்கேன். ஒரே மேசையில சாப்பிடறேன். தினமும் பார்த்தேன், ஒண்ணையும் பார்க்கல. முட்டைன்னேன். நீங்க எப்பவாவது ஒருதரம் தூரத்துல நின்னு பார்த்துட்டுச் சொன்னீங்க. நீங்க அந்தப் புகார் குடுக்கலன்னா அந்த டாக்டர் இவளைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். என் பொண்ணு கண்ணு உங்களால மேடம். நான் உங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

சுத்தியல் மேடம் கோப்பைக்குள் பார்த்தபடி இருந்தார்.

"எறியற பிள்ளைங்களைப் பார்க்கறதுதான் சார் என் வேலை. இப்ப அந்த வேலையும் இல்ல. அதனால இன்னைக்கு இங்கே வர நேரம் கிடைச்சுது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் ஐஸ்காரருக்கு அந்த விஷயமே தெரிந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார் சர்ஜன். ஐஸ்காரர் அவர் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார்; ஆபரேஷன் செய்கிற கைங்க என்று டீச்சர்தான் பிரித்து விட்டாள். குட்டி மூக்கில் பஞ்சோடு, "அம்மா, தாகம்" என்று சொல்லிவிட்டு வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் ஐஸ்காரர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். குட்டி மேல்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். திடீரென்று, "அப்பா, இந்தப் பக்கம் யாரோ வந்து நிக்கறாங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலைமாட்டுக்குப் பக்கவாட்டில், திரையை விலக்கிக்கொண்டு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். குட்டி தலையைத் திருப்பவே இல்லை.

"தெரியுதாம்மா?"

"நீலச் சட்டை. கையில தட்டு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை கொடுக்க வந்த தன்னைப் பார்த்து ஒரு பெரிய மனுஷர் எதற்காகக் கைகூப்பிக்கொண்டு அழுகிறார் என்று அவள் டீச்சரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா, நல்லதுக்குத்தான்" என்றாள் டீச்சர், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

குட்டி வீடு திரும்பிய மறுவாரமே ஐஸ்காரர், சுத்தியல் மேடத்தின் கல்லூரிக்குப் போனார். முதல்வர் அறை வாசலில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உள்ளே விட்டதும், கதவைச் சாத்தாமலே பேசினார். அவருக்கு மெதுவாகப் பேச வராது என்பதால் வராந்தா முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"பொறாமைக்காரின்னு சொல்லி எடுத்துட்டீங்களாமே? புகார் யார் மேல? என் பொண்ணு மேல. அவமானம் யாருக்கு? எங்களுக்கு. நாங்களே கும்பிடறோம், உங்களுக்கு என்னங்க? அந்த அம்மா கண்ணு இல்லன்னா என் பொண்ணுக்குக் கண்ணு இல்ல. இப்படி ஒருத்தரைச் சாமான் ரூம்ல பூட்டி வெச்சிருக்கீங்களே, உங்க பிள்ளைங்களை யாருங்க பார்க்கறது?"

அவர் வாழ்நாளில் எத்தனையோ இடங்களில் கத்தியிருக்கிறார். கத்திவிட்டு வந்து ராத்திரி வருத்தப்படாத கத்தல் அது ஒன்றுதான் என்று டீச்சர் பிறகு சொல்லுவாள். அந்த மாதக் கடைசியில் சுத்தியல் மேடம் மறுபடியும் அணியோடு மைதானத்தில் இறங்கினார்.

படம் அனுப்பிய பெண்ணும் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். பட்டறை வாசலிலேயே நின்று, உள்ளே வரத் துணியாமல் விரலைப் பிசைந்தாள். குட்டி அவளை இழுத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்து, டாக்டர் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னதைச் சொன்னாள். "கேள்விக்குறி மட்டும் இல்லாம இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றும் சொன்னாள். அந்தப் பெண் ஒரே நேரத்தில் அழுது சிரித்து, விக்கல் எடுத்து, கடைசியில் தண்ணீர் கேட்டாள். குட்டி தன் பாட்டிலைக் கொடுத்தாள்.

உடம்பு அவசரப்படாமல் திரும்பியது. கை வீக்கம் வடிந்தது. பேனா விரலுக்குள் அடங்கியது. வியர்வையும் தலைவலியும் போயின. மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. தாடை எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், அது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குட்டி கண்ணாடி முன்னால் நின்று, தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

பாரம் தூக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்து, மெல்ல மெல்லப் பயிற்சி எடுத்து, அடுத்த வருஷத்துப் போட்டியில் குட்டி இறங்கினாள். முதல் எறிதலில் குண்டு அவள் பழைய தூரத்துக்கு எட்டாமலே விழுந்தது. இரண்டாவது அதைவிடக் கிட்டே. எதிர் அணிப் பிள்ளைகளோடு நின்றிருந்த சுத்தியல் மேடம் சாய்ந்து சாய்ந்து வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றே, "இடது தோளை அவசரப்பட்டுத் திறக்கறே. இடுப்பு திரும்பின பிறகு திற" என்றார்.

"மேடம்! உங்க பொண்ணும் இதே ஆட்டத்துல இருக்கு!" என்று மேலேயிருந்து ஐஸ்காரர் கத்தினார்.

"இருக்கட்டும். அவளுக்கும் அதைத்தான் சொன்னேன், ரெண்டு பேருமே கேக்க மாட்டேங்கறாங்க!"

மூன்றாவது எறிதல் மேடம் சொன்னதைக் கேட்ட மாதிரி போனது. முதல் பரிசுக்குப் போதாது. ஆனால் பழைய தூரத்தை ஒட்டித்தான் விழுந்தது. குட்டி வட்டத்தை விட்டு வெளியே வந்து, தன் உள்ளங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டு, மேலே அம்மா அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். மொத்தத்தில் நான்காவது. சுத்தியல் மேடத்தின் அணிப் பெண் முதலாவது. அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியது குட்டிதான்.

பரிசு கொடுப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. குட்டி ஷூவைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்து, அம்மாவின் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் தூங்கியும் போனாள். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு தகப்பனார் தன் மகனின் பெயர் வந்ததும் எழுந்து குதித்து விசிலடித்தார்.

ஐஸ்காரர் குனிந்து அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, நல்லா ஜெயிச்சிருக்கான் உங்க பையன். சந்தோஷம்" என்றார் மெல்லிய குரலில். "விசிலை மட்டும் கொஞ்சம் மெதுவா அடிங்கண்ணே. பாப்பா தூங்குது."

அந்தத் தகப்பனார் திரும்பி, பாப்பாவைத் தேடினார்.